செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு ‘நை’

அவிநாசிபாளையத்தில் பஸ் ஏறி, ஜன்னலோரம் இடம் பிடித்து, மடியில் சோற்றுப் பையை வைத்ததும் சித்ரகலாவின் வாய் முணுமுணுக்கத் தொடங்கிவிடும். பாதி வழிவரை நார்வே மொழி. மீதி வழி சீனம். பக்கத்து சீட்டுக்காரர்கள் முதலில் ஏதோ மந்திரம் என்று மரியாதையாக நகர்ந்துகொள்வார்கள். சீனம் தொடங்கியதும் பயந்து இன்னும் கொஞ்சம் நகர்வார்கள். கண்டக்டருக்கு மட்டும் பழகிவிட்டது. “அக்காவுக்குச் சீனா வந்திருச்சு, திருப்பூர் எறங்கறவீங்க எல்லாம் ரெடியாகுங்க” என்று விசிலை ஊதுவார்.

வயது நாற்பத்து மூன்று. பிறந்தது குண்டடத்துக் காட்டில், வாழ்க்கைப்பட்டது அவிநாசிபாளையத்தில். திருப்பூரில் குழந்தைகளுக்குப் பின்னலாடை தைத்து ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். அதாவது, வாங்குகிறவருக்கும் தைக்கிறவருக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற உத்தியோகம். உடுப்பு போவது நார்வேக்கு, அதில் பொருத்தும் டிச் பட்டன் வருவது சீனாவிலிருந்து. நார்வேயில் வாங்குகிறவர் இங்ரிட், சீனாவில் பட்டன் அனுப்புகிறவர் லின். இருவரும் இங்கிலீஷில்தான் எழுதுகிறார்கள். பிறகு எதற்கு இந்தப் பாடு என்று கேட்டால், “இங்கிலீஷு எல்லாருக்கும் ஆபீசுச் சட்டைங்க. ஊட்டுல எப்படிப் பேசிக்கறாங்கன்னு தெரிஞ்சாத்தானுங்க ஆளு தெரியும்” என்பார். என்பாள் என்று எழுதலாம்தான். நாய்க்குட்டியைக்கூட ‘வாங்க’ என்று கூப்பிடுகிற மனுஷியைப் பற்றி அப்படி எழுதக் கை வரமாட்டேன் என்கிறது.

கையில் எப்போதும் நீளமான நோட்டு ஒன்று இருக்கும். இடது பக்கம் சீனம், வலது பக்கம் நார்வே, இரண்டையும் தமிழ் எழுத்திலேயே எழுதி வைத்திருக்கிறார். இரண்டுமே பாட்டுப் பாடுகிற மொழிகள் என்பது அவருடைய முதல் கண்டுபிடிப்பு. “சீனாக்காரிக்கு ஒவ்வொரு சொல்லுலயும் ஏத்தம் எறக்கம் இருக்குதுங்க. நார்வேக்காரி தூளி ஆட்டறாப்புல மெதுவா ஆட்டுவாங்க” என்று கையால் ஆட்டியே காட்டுவார். ஒரு தடவை கேண்டீனில் இப்படிக் காட்டும்போது சாம்பார் கொட்டி, பேக்கிங் செக்‌ஷன் முழுக்க அன்றைக்கு மொழிப்பாடம் நடந்தது.

அடுத்த கண்டுபிடிப்பில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம். நான் போனாலும் நீ போனாலும் அவர் போனாலும் இரண்டு மொழியிலும் வினைச்சொல் அசையவே அசையாது. சீனத்திலாவது பெரியவர்களை அழைக்கத் தனியாக ஒரு சொல் இருக்கிறது. நார்வேயில் ‘நீ’ என்பதற்கு, முதலாளிக்கும் வாட்ச்மேனுக்கும் ஒரே ‘டூ’தான். “தயவுசெஞ்சுன்னு சொல்றதுக்கே ஒத்தச் சொல்லு கெடையாதுங்க, பாவம்” என்று உச்சுக்கொட்டுவார். அதற்கு அவராகவே ஒரு வைத்தியமும் கண்டுபிடித்தார். இங்ரிட்டிடம் ‘தக்’ என்று நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் ‘தக்குங்க’ என்பார். லின்னிடம் வணக்கம் ‘நீஹாவ்ங்க’ ஆகிவிடும். இருவரும் இதுவரை ஆட்சேபிக்கவில்லை.

உறவுமுறைப் பக்கத்தில் மட்டும் நட்சத்திரம் போட்டு வைத்திருக்கிறார். அம்மாவைப் பெற்றவரும் அப்பாவைப் பெற்றவரும் இங்கிலீஷ்காரனுக்கு ஒரே தாத்தா. அம்மாவைப் பெற்ற நம் அப்புச்சிக்கு நார்வேயில் ‘மூர்ஃபார்’ என்று தனிப்பெயர் உண்டு, சீனத்தில் ‘வைகுங்’. அதைக் கண்டுபிடித்த அன்று மூன்று நாட்டுக்கும் சம்பந்தம் முடித்து வைத்தது போலச் சந்தோஷமாக வீட்டுக்குப் போனார்.

வீட்டில்தான் பருப்பு வேகவில்லை. பார்த்ததும் ‘சாப்பிட்டாச்சா’ என்று கேட்பது சீன வழக்கம், நமக்கும் அதே. சாப்பிட்டு எழுந்ததும் சமைத்தவருக்கு ‘சாப்பாட்டுக்கு நன்றி’ சொல்வது நார்வே வழக்கம். இதைக் கணவர் முருகவேலுக்கு எடுத்துச் சொன்னார். சாமளாபுரத்தில் தறி ஓட்டுகிறவர், சத்தத்துக்கு நடுவிலேயே வாழ்ந்து பேச்சைக் குறைத்துக்கொண்டவர். கையைக் கழுவிக்கொண்டே, “சோத்துக்கு நன்றி சொல்றதுக்கு நான் என்ன விருந்தாடியா?” என்றார். அந்த வரியும் நோட்டில் ஏறியது, வலது பக்கம்.

சித்ரகலாவுக்கு இன்னொரு வழக்கம் உண்டு. மரியாதைப்பட்டவர்களிடம் முக்கியமான விஷயம் பேசும்போது செருப்பைக் கழற்றிவிடுவார். போனில் பேசினாலும் அப்படித்தான். அவர் மேசைக்கு அடியில் ஜோடி பிரிந்து கிடந்தால், மறுமுனையில் பெரிய ஆள் என்று ஆபீசுக்கே தெரியும்.

ஆனால் இவ்வளவு மொழி படித்தவருக்கு எந்த மொழியிலும் ‘முடியாது’ என்று மட்டும் சொல்ல வராது. பெண் பார்க்க வந்தபோது பிடித்திருக்கிறதா என்று கேட்டதற்கு “உங்க இஷ்டமுங்க” என்றவர். வேண்டாம் என்றால் ‘பாக்கலாங்க’, முடியாது என்றால் ‘யோசிக்கலாங்க’. கொங்குநாட்டில் இதற்கு அர்த்தம் கேட்கத் தேவையில்லை. சீனத்திலும் முடியாததை நேராகச் சொல்லமாட்டார்கள், ‘கொஞ்சம் வசதிப்படாது’ என்பார்கள் என்று படித்தபோது சொந்த ஊருக்கு வந்தது போல இருந்தது. நார்வேக்காரர்கள் ‘நை’ என்று ஒரே வெட்டாக வெட்டுவார்கள். அந்தச் சொல்லை நோட்டில் எழுதியதோடு சரி, பஸ்ஸில்கூட அவர் சொல்லிப் பார்த்ததில்லை.

போன மாதம் அதற்கு வேளை வந்தது. குளிர்கால ஆர்டர், பதினைந்தாம் தேதி கப்பலேற வேண்டும். போன வருஷம் இதே இங்ரிட்டிடம் வேறொரு மெர்ச்சண்டைசர் ‘முயற்சி செய்கிறோம்’ என்று சொல்லி, சரக்கு மூன்று வாரம் பிந்திப் போனது. இன்னொரு தடவை சொன்ன தேதி தவறினால் இனி ஆர்டரே இல்லை என்று இங்ரிட் எழுதிவிட்டார். ஆர்டர் போனால் மேல்மாடித் தையல் லைன் இரண்டையும் மூட வேண்டியதுதான். அறுபது பேர். அந்தச் சமயம் பார்த்து, பட்டன் எப்போது வரும் என்ற கேள்விக்கு லின் இந்தத் தடவை இங்கிலீஷை விட்டுச் சீனத்தில் ஒரு வரி அனுப்பினார்: கொஞ்சம் வசதிப்படாது.

முதலாளி சுரேந்தர் போனிலேயே மொழிபெயர்த்துப் பார்த்தார். முப்பது வயது, அப்பாவிடமிருந்து கம்பெனியை வாங்கி இரண்டு வருஷம்தான் ஆகிறது. “கொஞ்சம்தானுங்களே அக்கா. பதினஞ்சுன்னே சொல்லிருங்க.”

“கொஞ்சம் யோசிக்கலாங்க” என்றார் சித்ரகலா. காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை, இங்ரிட்டின் வீடியோ கால் வருவதற்கு முன்னால் ஒரு தடவை. சுரேந்தர் தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

மாலை நான்கு மணிக்கு இங்ரிட் திரையில் வந்தார். பதினைந்தாம் தேதி முடியுமா என்று இங்கிலீஷில் கேட்டார். பக்கத்து நாற்காலியில் சுரேந்தர் முடியும் என்று தலையை அசைத்தார். ‘முயற்சி செய்கிறோம்’ என்பதற்கான இங்கிலீஷ் சித்ரகலாவின் நாக்கு நுனியில் தயாராக நின்றது. மேல்மாடியில் மெஷின்கள் ஓடும் சத்தம் கேட்டது. அவருக்கு அழுகை வரும் போலிருந்தது.

“நை” என்றார். “தெ கோர் இக்கே.” முடியாது, நடக்காது என்று அர்த்தம். ‘ங்க’ போடவில்லை.

திரையில் பேச்சில்லை. லின்னாக இருந்தால் இந்த இடைவெளியில் பத்துத் தடவை ‘ம்ம்’ கொட்டியிருப்பார். நார்வேக்காரர்கள் வாயை மூடிக்கொண்டுதான் யோசிப்பார்கள் என்று நோட்டில் எழுதி வைத்தவரே அவர்தான். இருந்தும் அந்த அரை நிமிஷம் தாராபுரம் வரை நீண்டது. பிறகு இங்ரிட், அப்படியானால் எப்போது என்று கேட்டார். பட்டன் வந்துசேரும் நாளையும் கூட்டிக் கணக்குப் போட்டு, இருபத்தெட்டு என்றார் சித்ரகலா. இங்ரிட் எழுதிக்கொண்டார். “தக்” என்றார். கொஞ்சம் யோசித்து, சிரிக்காமல், “தக்குங்க” என்று திருத்தினார். திரை அணைந்தது.

சுரேந்தர் இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“இதைத் தமிழ்லயே எங்கிட்டச் சொல்லியிருக்கலாமுங்களே அக்கா.”

“மூணு வாட்டி சொன்னேனுங்க.”

“புரிஞ்சுதுங்க” என்றார் அவர், மேசையைப் பார்த்தபடி. “அதனாலதான் திருப்பிக் கேக்கலீங்க.”

சித்ரகலா எழுந்திருக்கப் பார்த்தார். ஒரு கால் செருப்பைக் கண்டுபிடித்துவிட்டது. இன்னொரு கால் மேசைக்கு அடியில் துழாவிக்கொண்டே இருந்தது. சுரேந்தர் குனிந்து பார்த்தார். தன் நாற்காலிக்குக் கீழே வந்து கிடந்த செருப்பைக் கையால் எடுத்து, அவர் காலருகே வைத்தார்.