மூன்று ஓடிபி

நெதர்லாந்தில் ஐந்தோவன் நகரில் எங்கள் தெருவில் யாரும் ஜன்னலுக்குத் திரை போடுவதில்லை. நடந்து போனால் வீட்டுக்கு வீடு கூடத்தில் சாப்பிடுவதும் சண்டை போடுவதும் பளிச்சென்று தெரியும். ஆனால் ஒருவரும் உள்ளே திரும்பிப் பார்ப்பதில்லை. வந்த புதிதில் நான் வாயைப் பிளந்து பார்த்து மனைவியிடம் முழங்கையால் இடி வாங்கியிருக்கிறேன். உத்திரமேரூர் பக்கம் மானாம்பதியில் எங்கள் வீட்டு வாசலில் நின்று இரண்டு முறை இருமினால் போதும். தெருவில் போகிறவர்கள் நின்று, என்ன மாத்திரை போட்டாய் என்று கேட்டுவிட்டுத்தான் நகர்வார்கள்.

அம்மா போன பிறகு அந்த வீட்டில் நைனா மட்டும்தான். எங்கள் பக்கத்தில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம். இங்கே வந்துவிடுங்கள் என்றால், "நட்ட பயிர வுட்டுட்டு எங்கடா வர்றது?" என்பார். அதனால் போன முறை ஊருக்குப் போனபோது வாசலில் ஒரு கேமரா மாட்டி, என் போனில் பார்க்கிற மாதிரி செய்துவிட்டு வந்தேன். பக்கத்து வீட்டு டச்சுக்கார அம்மாளிடம் இதைப் பெருமையாகச் சொன்னபோது, "அனுமதி வாங்கினாயா?" என்று கேட்டார். "எங்கள் நாட்டில் அதற்கு லைசென்ஸ் எல்லாம் வேண்டாம்" என்றேன். அவர் கேட்டது நைனாவின் அனுமதியை என்று புரிய எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

பிறகு அலுவலகத்தில் இணையப் பாதுகாப்பு பற்றி ஒரு வகுப்பு நடத்தினார்கள். வீட்டுக் கேமராக்களை முன்பின் தெரியாதவர்கள் திறந்து பார்ப்பதைப் படம் போட்டுக் காட்டினார்கள். மதிய இடைவேளையில் கேமரா ஆப்பைத் திறந்து துருவினால், என் போனைத் தவிர இன்னொரு போனும் எங்கள் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது. உடனே நைனாவை அழைத்தேன்.

"ஆமா, மேரி பாக்குது. நாந்தான் குட்த்தேன். காலைல நா எய்ந்துட்டனான்னு பாத்துட்டு வேலைக்குப் போவும். அதுல உனுக்கு இன்னா?"

"மேரிக்குப் பாஸ்வேர்டு எப்படி நைனா தெரியும்?"

"மீட்டர் பொட்டிப் பக்கத்துல செவுத்துல எய்தி வெச்சிக்கிறேனே. கேஸ் நம்பரு, கரண்டு ஆபீஸ் நம்பரு எல்லாம் அங்கதான கீது."

எங்கள் ஊரில் முக்கியமான எண் எதுவானாலும் சுவருக்குத்தான் போகும். தாள் தொலையும், சுவர் தொலையாது. அது எனக்கும் தெரியும். ஆனாலும் கத்தினேன். மேரி எங்கள் நிலத்தில் இருபது வருடமாக நடவுக்கும் களைக்கும் வருகிறவர், ஏரிக்கு அந்தப் பக்கம் வீடு. என்னைவிடப் பத்து வயது மூத்தவரை நான் ஒருநாளும் அக்கா என்று கூப்பிட்டதில்லை. எந்தத் தேசத்தில் இருக்கிறதென்றே தெரியாத ஒரு கம்ப்யூட்டரில் எங்கள் வாசலை ஏற்றிவைக்க எனக்குக் கூச்சமில்லை. மேரி பார்ப்பதுதான் உறுத்தியது. ஏன் உறுத்தியது என்பதும் எனக்குத் தெரியும். பாதுகாப்பு என்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டேன்.

அன்றே பாஸ்வேர்டை மாற்றினேன். அந்த இன்னொரு போனை நீக்கினேன். பாஸ்வேர்டு சரியோ தப்போ, இனி யார் திறக்க முயன்றாலும் என் போனுக்கு ஓடிபி வரும்படி செய்தேன். நைனாவிடமோ மேரியிடமோ ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மறுநாள் காலை எழுந்தபோது போனில் மூன்று ஓடிபி வந்து கிடந்தன. யாரோ உள்ளே நுழையப் பார்த்திருக்கிறான், நாம் முந்திக்கொண்டோம் என்று எனக்கு அப்படி ஒரு திருப்தி. கேமராவைத் திறந்து பார்த்தேன். ஊரில் அப்போது மணி பதினொன்று. வாசலில் ஒரு ஈ காக்கை இல்லை. கேட் சாத்தியிருந்தது, விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எல்லாம் சரியாக இருக்கிறது என்று காபி குடித்துவிட்டு ரயிலுக்குக் கிளம்பினேன்.

ரயிலில் இருக்கும்போது மேரி அழைத்தார். நைனா விடியற்காலையில் பின்பக்கக் குழாயடியில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, ஆறு மணி நேரம் அங்கேயே கிடந்திருக்கிறார். கூப்பிட்ட குரல் தெருவுக்கு எட்டவில்லை.

"வெளக்கு அமிஞ்சிதான்னுதான் தம்பி நா டெய்லி பாப்பேன். அஞ்சரைக்கு ஐயா எய்ந்து வந்து அமிப்பாரு. இன்னிக்கு போனுல ஏதோ நம்பரு கேட்டுச்சி. மூணு வாட்டி போட்டுப் பாத்தேன். நீங்க வாணாம்னு எட்த்துட்டீங்கன்னு எம் பொண்ணு சொல்லிச்சி. ஐயாவுக்கு போன் அட்ச்சேன், எடுக்கல. கயனியில கீறாருன்னு நெனச்சி வேலைக்குப் பூட்டேன். மனசு கேக்கல, பாதியில வந்துட்டேன்."

பட்டப்பகலில் எரிந்த அந்த விளக்கை நானும் பார்த்தேன். எனக்கு அது வெறும் விளக்கு.

செங்கல்பட்டில் அறுவை சிகிச்சை நடந்தது. நைனா இப்போது வாக்கர் பிடித்துக் கூடத்துக்குள் நடக்கிறார், கழனிக்குப் போவதில்லை. என்னை ஒரு சொல் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. லீவு போட்டு ஊருக்குப் போனபோது மேரியக்காவிடம் மன்னிப்புக் கேட்டு, புது பாஸ்வேர்டை நானே போட்டுத் தருகிறேன் என்றேன். அக்கா என்று அப்போதுதான் வாயில் வந்தது.

"அதெல்லாம் வாணாம் தம்பி. அப்பால ஏதனா ஆச்சின்னா பாத்துக்கினுதான இருந்தாளேன்னு எம்மேல வரும். நா நேர்லயே வந்து பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டார்.

சொன்னபடி தினமும் வேலை முடிந்து மதியம் வருகிறார். அப்போது நான் ரயிலில் போய்க்கொண்டிருப்பேன். உள்ளே போய் நைனாவைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, கேமராவை நிமிர்ந்து பார்த்து ஒரு கையைத் தூக்குவார். ஐயா நல்லா இருக்கிறார் என்று அர்த்தம். அங்கிருந்து அவரால் என்னைப் பார்க்க முடியாது என்று தெரிந்தும் என் கை தானாக மேலே போகிறது. நேற்று எதிர் இருக்கையில் இருந்த டச்சுக்காரர், தனக்குத்தான் வணக்கம் சொல்கிறேன் என்று நினைத்து, அவரும் கையைத் தூக்கினார்.