அம்மா தப்பாகப் பாடிய மூன்றாம் வரி

வளைகுடாவில், ராஸ் லஃபான் எரிவாயு ஆலையில் வேலை செய்தபோது அம்மா இறந்த செய்தி வந்தது. பாஸ்போர்ட் புதுப்பிக்கப் போயிருந்ததால் ஊருக்குப் போக வழியில்லை. அடக்கம் அன்றே ஊர் நேரம் நான்கு மணிக்கு, எங்களுக்கு அப்போது ஒன்றரை. போனில் பாடுகிறேன் என்று தம்பியிடம் சொல்லிவிட்டு டியூட்டிக்குப் போனேன்.

எங்கள் வேதக்கோயிலில் அம்மாவுக்குப் பிடித்த பாட்டு ஒன்று உண்டு. மூன்றாம் வரியில் சபையார் எல்லோரும் குரல் இறங்கும்போது அம்மா மட்டும் மேலே ஏறுவாள். உபதேசியார் திருத்திப் பார்த்து ஓய்ந்துபோனார். பக்கத்தில் நின்று நானும் அவள் குரலைப் பிடித்து ஏறிவிடுவேன். தனியாக ஏறியதில்லை. அன்றைக்கு அவள் பாடிய மாதிரியே பாட நினைத்தேன். அந்த வரி வரவேயில்லை.

குழாய்களின் நிழலில் உட்கார்ந்து முதல் இரண்டு வரியையே முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். வெயிலில் தூரத்து டாங்குகள் தண்ணீரில் மிதப்பதுபோல அசைந்தன. வெல்டிங் பார்க்க வந்த வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் சட்டென்று மூன்றாம் வரியைச் சீட்டியடித்தார். அது ஏறியது. அம்மா ஏறிய அதே இடத்தில்.

“சார், அது எங்க கோயில் பாட்டு,” என்றேன். கூட வந்த திருச்சிக்கார ஃபோர்மேன் அதை இங்கிலீஷில் சொன்னார்.

“நோ, மை பிரெண்ட். வேல்ஸ்!”

“வேல்ஸா? அப்ப முருகன் ஆளுன்னு சொல்லுப்பா,” என்றார் ஃபோர்மேன் என்னிடம். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

இன்ஸ்பெக்டர் சொன்னதை அவர்தான் தமிழில் சொன்னார். வேல்ஸ் என்பது வெள்ளைக்காரர் சீமையில் ஒரு மலைநாடாம், அந்த ஊர்க்காரர்கள் கட்டிய மெட்டாம். நிலக்கரிச் சுரங்கத்துக்காரர்கள் பாடினார்களாம், பந்து விளையாட்டு பார்க்க வருகிறவர்கள் இன்றும் பாடுகிறார்களாம். எங்கள் புத்தகத்தில் பாட்டுக்கு மேலே 8, 7 என்று போட்டிருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்ற நான் அதை வேத வசனத்தின் எண் என்று நினைத்திருந்தேன். இன்ஸ்பெக்டர் விரல் மடக்கி எண்ணிக் காட்டினார். வரிக்கு எட்டு அசை, அடுத்ததற்கு ஏழு. அதில் அடங்கினால் எந்த பாஷையும் உட்காருமாம்.

அம்மா சிறுமியாக மிஷன் பங்களாவில் பாத்திரம் கழுவியவள். அங்கே வெள்ளைக்காரர்கள் பாடியதைக் கேட்டிருக்க வேண்டும். எனக்கு அன்றுதான் தோன்றியது.

இன்னொரு தடவை சீட்டியடிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன். ஒன்றரைக்கு ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுப் போனில் பாடினேன். கல்லறையில் நின்ற எல்லோரும் மூன்றாம் வரியில் இறங்கினார்கள். நான் தனியாக ஏறினேன். கடைசி வரியில் சேர்ந்துகொண்டோம்.

பாட்டு முடிந்ததும் தம்பி போனைக் காதில் வைத்தான். மண் தள்ளும் சத்தம் கேட்டது.

“அண்ணே,” என்று அழுதான், “நீயும் அம்மா மாதிரியே தப்பாப் படிச்சிட்ட.”