மச்சானுக்கு வந்த போத்தல்

எங்கள் ஆக்களிடம் ஓர் எழுதாத சட்டம் உண்டு. கலியாணம் பொருந்திவிட்டால் மாப்பிள்ளை, பொம்பிளையின் தமையனுக்கு ஒரு நல்ல விஸ்கிப் போத்தல் கொடுக்க வேண்டும். இந்தச் சட்டத்தால்தான் நான் அண்ணனோடு ஒருநாள் சண்டை பிடித்தேன்.

எனக்குக் கலியாணம் பேசியிருந்தவர் 2009 சண்டைக்குப் பிறகு ஸ்கொட்லாந்து போய்ச் சேர்ந்தவர். ஒரு சின்ன விஸ்கி வடிசாலையில் வேலை. நான் பாரிஸில், லா சப்பலில் ஒரு பலசரக்குக் கடையில் காசு வாங்கும் இடத்தில் நின்றேன். இரண்டு வருடமாகப் போனில்தான் பழக்கம்; நேரில் ஒருதரம்கூடக் கண்டதில்லை. அவருக்குப் பயணப் பத்திரம் வரவில்லை. என் கையிலிருந்த ரெசெப்பிசே என்ற தற்காலிக வதிவிடத் துண்டை வைத்துக்கொண்டு பக்கத்துப் புறநகர் சார்செல் வரை போய் வரலாம், கடலைத் தாண்ட ஏலாது.

மனுசன் காதல் கதைத்ததைவிடப் பார்லி கதைத்ததுதான் கூட. "அரைச்ச பார்லியைச் சுடுதண்ணியிலை ஊறவிட்டு, அந்தச் சாறு புளிக்கேக்கை அன்னாசி மணம் வரும். பிறகு செம்புக் கொப்பரையிலை வடிக்கிறது. மரப்பீப்பாவுக்குள்ளை மூண்டு வருசம் கிடந்தாத்தான் சட்டப்படி அது விஸ்கி."

"அதுக்கெண்டாலும் ஒரு கணக்கிருக்கு. எங்களுக்கு?" என்று வெடித்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க எனக்குத் தெரியாது.

ஆனால் கடையில் அன்னாசிப் பெட்டி வந்து இறங்கினால், ஒருவரும் பாராத நேரம் குனிந்து மணந்து பார்ப்பேன். அவர் நிற்கும் இடம் இப்படித்தான் மணக்குமோ என்று நெஞ்சு ஏங்கும்.

ஒருநாள் அங்கிருந்து வந்த ஒருவரிடம் அவர் போத்தல் ஒன்று கொடுத்துவிட்டார். அவரே உருட்டிவந்து திறந்த பீப்பாவிலிருந்து அடைத்ததாம். வந்தவர் நேரே அண்ணனிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். சட்டம்தானே.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் வீட்டுக்கு வரும்போது, அண்ணனும் அவரின் கூட்டாளி ஒருவரும் ஆட்டிறைச்சிப் பிரட்டலோடு அதை மேசையில் வைத்திருந்தார்கள். கூட்டாளி லேபிளை வாசித்துச் சிரித்தார்.

"என்னடாப்பா, மூண்டு வயசு! பால்குடி மறக்காத பிள்ளையையெல்லோ மாப்பிள்ளை அனுப்பியிருக்கிறார்."

எங்களவர்களுக்குப் போத்தலில் போட்டிருக்கும் வயதுதான் மரியாதை. பன்னிரண்டுக்குக் கீழே என்றால் கோலா ஊற்றிக் குடிக்கத்தான் சரி. அண்ணன் கோலாவைத் திறந்தார்.

"அண்ணை, அதுக்குள்ளை கோலா ஊத்தாதேங்கோ. அது என்ரை போத்தல்."

"உனக்கென்ன விசரே? பொம்பிளைப் பிள்ளைக்கு ஆரும் போத்தல் அனுப்புவினமே?"

"அவரின்ரை கையிலையிருந்து இஞ்சை வந்து சேர்ந்த சாமான் இது ஒண்டுதான். படமும் குரலும் போதும் எண்டு நீங்கள் நினைப்பியள். எனக்குப் போதாது!"

சொன்ன பிறகுதான் கூட்டாளி இருப்பது உறைத்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் போத்தலில் வைத்த கையை எடுக்கவில்லை. அண்ணன் போத்தலின் மூடியைப் பூட்டி, "கொண்டுபோ" என்றார்.

குசினிக்குள் போய்த் தேத்தண்ணிக் கிளாஸில் கொஞ்சம் ஊற்றினேன். வைக்கோல் நிறம். முகர்ந்தால் பழுத்த பேரிக்காய், அதற்குப் பின்னால் பச்சை அப்பிள். ஒரு மிடறுதான் குடித்தேன், தொண்டை எரிந்தது. உடனே அவருக்குப் போன் எடுத்தேன்.

"நீங்கள் அனுப்பினதை நான் குடிச்சனான்."

"ஐயோ, நீரோ?"

"ஓம், நான்தான். பேரிக்காய் மணக்குது. உங்களிலையும் இப்பிடித்தான் மணக்குமோ?"

"வேலை முடியேக்கை உடுப்பு, தலைமயிர் எல்லாம் இந்த மணம்தான். உமக்குப் பிடிக்காது எண்டு, ஒவ்வொரு நாளும் குளிச்சிட்டுத்தான் உம்மோடை கதைக்கிறனான்."

போனுக்குள்ளால் மணம் வருமா, மனுசா! இரண்டு வருடமாக, அந்தக் குளிருக்குள்! சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன், அழுகை வந்துவிட்டது.

"நாளைக்குக் குளிக்காமல் போன் எடுங்கோ" என்றேன்.