காய்ந்த தாளின் மேல் நிறுத்திய வான்

பல ஊர்களில் பல வேலை பார்த்துவிட்டு, இப்போது அச்சுவேலிப் பக்கம் ஒரு டீசல் வான் வண்டியில் வெங்காயம் ஏற்றுகிறேன்.

அண்மையில் வானில் புகை வடிகட்டியின் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. கராஜ்காரர், "கரி அடைச்சிருக்கு. அரை மணித்தியாலம் ஒரே வேகத்திலை ஓடு, சூட்டிலை தானே எரிஞ்சு போகும். இடையிலை நிப்பாட்டாதை" என்றார்.

அப்படி ஓடும்போது தோட்டக்கார ராசம்மா அக்கா அழைத்தார். "மழை இருட்டுது, கெதியா வா!"

பாதியில் திரும்பி, வானை அவருடைய ஓலைக் கொட்டிலுக்குள் விட்டேன். கீழே காய்ந்த வெங்காயத் தாள் கிடந்தது. மேலே அடுத்த போகத்துக்கான விதை வெங்காயம் பிடி பிடியாகத் தொங்கியது.

இரண்டு மூட்டை ஏற்றியிருப்பேன்.

"என்ன மணக்குது? உன்ரை சுருட்டோ?"

"அதை விட்டு ரண்டு வருசம், அக்கா."

சிரித்தபடி குனிந்தேன். கரி எரிந்த சூட்டில் கொதித்த புகைக்குழாயின் கீழே தாள் எரிந்துகொண்டிருந்தது. வானை வெளியே எடுப்பதற்குள் நெருப்பு கூரைக்கு ஏறிவிட்டது. நான் தடுக்கத் தடுக்க அக்கா உள்ளே ஓடி, வெறுங்கையால் வெங்காயப் பிடிகளை இழுத்தார். கொட்டில் விழுந்த பிறகுதான் மழை வந்தது.

ஆஸ்பத்திரியில், இரண்டு கைகளிலும் கட்டோடு, "விதை ஏதும் மிஞ்சினதோ?" என்று கேட்டார்.

"இல்லை, அக்கா."

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

இப்போது அந்த விளக்கு எரிந்தால், யார் அழைத்தாலும் அது அணையும்வரை ஓடிவிட்டுத்தான் போகிறேன். வெறும் மண்ணில் மட்டும் நிறுத்துகிறேன். கொட்டிலுக்குள் வானை விடுவதேயில்லை. மூட்டைகளை நானே வாசல்வரை சுமக்கிறேன். அக்கா தன் காணியில் இந்தப் போகம் ஒன்றும் நடவில்லை.