ஃபாரோ மொழியில் ஒரு கேள்வி

பர்மாவில், மிங்கலா தாங்ஞுன்ட் பகுதியில் நான் வேலை பார்த்த இணையக் கடைக்கு அவர் காலையிலேயே வந்துவிடுவார். கட்டம் போட்ட கைலி, கழுத்துப் பொத்தான் வரை பூட்டிய வெள்ளைச் சட்டை. அவரைப் பர்மிய வழக்கப்படி, மாமா என்ற பொருளில், "ஊலே" என்றுதான் கூப்பிடுவேன்.

ஐரோப்பாவின் வடகோடியில் இருக்கும் ஃபாரோ தீவுகளின் மீன்பிடிக் கப்பலுக்கு வேலைக்குப் போன அவருடைய மகன் கடலில் காணாமல் போயிருந்தான். கம்பெனிக்காரர்கள் வருந்துகிறோம் என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

அவர் அந்தத் தீவு மொழியின் கேள்விச் சொற்களை மட்டும் கணினியில் பார்த்துப் படித்தார். "'க்வார்'னா எங்கே, 'க்வுய்'னா ஏன்" என்று கண்ணை மூடி முணுமுணுப்பார்.

"இங்கிலீஷ்லயே கேக்கலாமே, ஊலே?"

"இங்கிலீஷ்ல கேட்டா ஆபீஸ்தாம்மா பேசுது. அவுங்க பாஷையில கேட்டா மனுஷங்க பேசுவாங்க."

ஒருநாள் கப்பல் கேப்டனின் வீட்டு எண்ணைத் தேடிப் பிடித்து, கணினி வழியாகப் போன் போட்டுக் கொடுத்தேன். வயதான பெண் ஒருத்தி எடுத்தாள். மகன் பெயரைச் சொல்லி, எங்கே என்று அவள் மொழியிலேயே கேட்டார். அவள் நெடுநேரம் பேசினாள், நடுவில் அழுதாள். இவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். பிறகு லைன் அறுந்துவிட்டது.

"என்ன சொன்னாங்க, ஊலே?"

"எல்லாத்தையும் சொல்லிட்டாங்க போல. எனக்குத்தான் கேள்வியைத் தவிர ஒண்ணும் தெரியாதே."

மறுபடி போடட்டுமா என்றேன். வேண்டாம் என்று கையசைத்துவிட்டுப் போனவர் அப்புறம் கடைப்பக்கம் வரவே இல்லை. அந்த அழுகையில் அவருக்கு என்ன விளங்கியதோ, எனக்கு இன்றுவரை தெரியவில்லை.