மறுகா என்பவர் யார்?

“…மறுகா எண்டா ஆர் எண்டு கேக்கிறா கா அந்த மனிசி! கதைக்குள்ள அப்பிடி ஒருத்தி இல்லையே, நான் என்னத்தச் சொல்ல?”

ஒலிப்பதிவு அறையின் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, உள்ளே கதை வாசித்துக்கொண்டிருந்த மச்சாள், என் அண்ணன் மனைவி, இப்படிக் கேட்டபோது, கனடாவின் ஸ்காபரோ நூலகத்தின் நாற்காலியில் பனிக்கோட்டை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்த எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பின்னாலேயே நூலகர் எலன் வந்தார். “மாருகா என்ற பெண் ஒவ்வொரு பக்க முடிவிலும் வருகிறாளே, அவள் கதாநாயகியின் தங்கையா?” என்று மிக மரியாதையாக ஆங்கிலத்தில் என்னிடம் கேட்டார். மட்டக்களப்பாருக்கு இதில் விளக்கம் தேவையில்லை. மற்றவர்கள் ‘பிறகு’ என்கிற இடத்தில் நாங்கள் ‘மறுகா’ என்போம். அது ஆளின் பெயரல்ல என்று எலனுக்குச் சொன்னேன். “அப்படியானால் அது புத்தகத்தில் இருக்கிறதா?” என்றார். இல்லை. அங்கேதான் சிக்கல் தொடங்கியது.

இந்த நாட்டில் நூலகம் சத்தத்தையும் இரவல் தருகிறது. ஒலிநூல் என்கிறார்கள். அட்டையின் இலக்கத்தைக் கணினியில் அடித்தால் ஒரு முழு நாவல் இறங்கி, தீப்பெட்டி அளவான கருவிக்குள் போய்க் குந்திக்கொள்கிறது. தவணை முடிந்தால் நாம் திருப்பிக் கொடுக்கவே தேவையில்லை. வயல் வட்டையில் மேய்ந்த மாடு பொழுதுபட்டதும் தன்பாட்டில் பட்டிக்குத் திரும்புகிற மாதிரி, குரல் தானாகவே நூலகத்துக்குப் போய்விடும். அதே புத்தகத்தை வேறொருவர் எடுத்திருந்தால் நாம் காத்திருக்க வேண்டும். “சத்தத்துக்கும் கியூவா?” என்று மச்சாள் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு நின்றது நேற்றுப்போல இருக்கிறது.

இதெல்லாம் என் அண்ணனுக்காகத்தான். சீனி வருத்தம் என்கிற நீரிழிவு அவருடைய கண்ணைக் கொண்டுபோய்விட்டது. மச்சாள் விடியக் கேக் தொழிற்சாலைக்குப் போனால் பின்னேரம்தான் வருவார். அதுவரை அண்ணனுக்குச் சுவர்தான் துணை. முதலில் ஆங்கில ஒலிநூல் ஒன்றை எடுத்துக் கொடுத்தோம். அன்று மாலையே கருவியைக் கழற்றி வைத்துவிட்டார். “நாள் முழுக்க ஒரு ஆம்பிள என்ட காதுக்குள்ள இரிந்து கதைக்கிறான். ஆர் வீட்டு ஆள் எண்டும் தெரியல்ல, என்ன குறையெண்டும் விளங்கல்ல” என்றார். தமிழ் ஒலிநூல்கள் சேர்க்கப்போகிறோம், வாசிக்க விரும்புகிறவர்கள் வரலாம் என்று நூலகச் சுவரில் அறிவித்தல் கண்டதும் மச்சாள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனதற்குக் காரணம் இதுதான். தான் வேலையில் நிற்கும் நேரத்திலும் தன் குரல் வீட்டில் இருக்க வேண்டும்.

அந்தக் குரலுக்கு ஒரு கதை இருக்கிறது. கடல் எழும்பி வந்த அந்த மார்கழியில் நாங்கள் தேற்றாத்தீவை விட்டு, வாவிக்கு அப்பால் படுவான்கரைப் பள்ளிக்கூடம் ஒன்றில் இருந்தோம். எங்கள் தம்பியைக் கடலுக்குக் கொடுத்த நாளிலிருந்து அண்ணன் வாய் திறக்கவில்லை. சோறு வேண்டுமா என்றாலும் பதிலில்லை. நிவாரணப் பொதிக்குள் உடுப்புகளோடு ஒரு கதைப்புத்தகமும் வந்திருந்தது. பிள்ளைகளுக்குப் பராக்குக் காட்ட மச்சாள் அதை உரத்து வாசிக்கத் தொடங்கினார். இரண்டொரு நாளில் வகுப்பறை முழுவதும் கேட்டது. தாளைப் புரட்ட அவர் நிறுத்தினால் போதும், “மறுகா? மறுகா?” என்று நாலு பக்கமும் குரல் எழும்பும். மச்சாளும் “மறுகா…” என்று இழுத்துத்தான் அடுத்த பக்கத்தைத் தொடங்குவார். ஒரு பின்னேரம் பிள்ளைகள் வெளியே விளையாடப் போயிருந்தார்கள். தாள் புரண்டது. கேட்க யாருமில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்த அண்ணனிடமிருந்து கரகரத்து ஒரு சத்தம் வந்தது: “மறுகா?”

மச்சாள் அன்று அந்தக் கதையில் இல்லாததையெல்லாம் சேர்த்து இருட்டும்வரை வாசித்தார். நான் அடுப்படியில் நின்று அழுதேனா சிரித்தேனா என்று இப்போதும் தெரியாது.

நாட்டில் சண்டை முடிந்து, நாங்கள் மூவரும் இந்தக் குளிருக்குள் வந்து சேர்ந்த பிறகும், தாள் புரட்டினால் மச்சாளின் வாயில் அந்தச் சொல் தானாக வருகிறது. ஆனால் எழுத்தாளர் எழுதியதை மட்டுமே வாசிக்க நூலகத்துக்கு அனுமதி. எலன் பாவம், என்ன செய்வார்? கணினித் திரையில் மச்சாளின் குரலைக் காட்டினார். வாவியில் காற்று அடித்தாற்போல் வரிவரியாக இருந்தது. அதில் சின்ன மேடு ஒன்றைத் தொட்டு, “இதுதான் உங்கள் மாருகா. வெட்டிவிடலாம், வாசிப்பு அருமை” என்றார்.

“ஐயோ, அத வெட்டாதங்க!” என்றார் மச்சாள். தமிழ் தெரியாத எலன், அவர் நன்றி சொல்வதாக நினைத்துத் தலையாட்டிச் சிரித்தார்.

மச்சாள் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். வெட்டச் சம்மதிக்காவிட்டால் ஒலிநூலே இல்லை. அண்ணன் மறுபடியும் சுவரோடுதான்.

“வெட்டினா அந்த இடத்தில என்ன இரிக்கும் எண்டு கேளு கா.”

கேட்டேன். “ஒன்றும் இருக்காது. ஒரு மூச்சளவு மௌனம். வேண்டுமானால் அதையும் எடுத்துவிடலாம்” என்றார் எலன்.

“அது ஒண்ணா, எடுக்கப்படா! இடம் இரிக்கட்டும் எண்டு சொல்லு.”

இடம் இருந்தது. ஒலிநூல் வெளிவந்த கிழமையில் நாங்கள் எடுக்கப் போனால், யாரோ முந்திவிட்டார்கள். வரிசையில் நில்லுங்கள் என்றது கணினி. “என்ட பொஞ்சாதிர குரலக் கேக்க எனக்கு லைனா?” என்று அண்ணன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அப்படி அவர் சிரித்து எவ்வளவோ காலம்.

எங்கள் முறை வந்த காலை, மச்சாள் வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் காதுக்கு மாட்டாமல் எல்லோருக்கும் கேட்கட்டும் என்று ஒலியைத் திறந்துவிட்டார். முதல் பக்கம் முடிந்தது. அந்த மூச்சளவு மௌனம் வந்தது.

“மறுகா?” என்றார் அண்ணன், கருவியின் பக்கம் முகத்தைத் திருப்பி.

வாசலில், ஒரு காலில் பனிச் சப்பாத்தும் மறுகால் வெறுங்காலுமாக நின்ற மச்சாள், கதவுப்பிடியை விடாமலே திரும்பி, “மறுகா…” என்று இழுத்தார்.