அப்பாண்டை மாமா விற்ற ரேடியோகிராம்

திருப்பருத்திக்குன்றத்தில் என் தாய்மாமன் அப்பாண்டை நயினாருக்கு நிலம் இருந்தது, வற்றாத கிணறு இருந்தது, ஊரில் பேச்சுக்கு மரியாதை இருந்தது. அடுத்தவர் வீட்டில் ஒரு நல்ல பொருளைப் பார்த்துவிட்டால் மட்டும் அவருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. அதை மறைக்கவும் மாட்டார். "அவனுக்கு எதுக்குப்பா அது?" என்று எல்லோரிடமும் கேட்பார். இவ்வளவு தூரத்தில் உட்கார்ந்துகொண்டு அவரைப் பற்றி எழுதினால் எதையாவது தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று எனக்குப் பயம். தப்பிருந்தால் ஊரில் இருப்பவர்கள் பொறுத்துக்கொள்ளட்டும்.

மகள் திரிசலாவின் கல்யாணப் புடவைக்குக் காஞ்சிபுரம் போன இடத்தில்தான் ஆரம்பித்தது. பட்டுக்கடை உமாபதி, கடைக்குப் பின்னாலிருந்த தன் வீட்டுக்குள் அழைத்துப்போய், புதிதாக வாங்கிய ரேடியோகிராமைப் போட்டுக் காட்டினார். பீரோவைக் குறுக்கே படுக்கவைத்த மாதிரி ஒரு மரப்பெட்டி. மூடியைத் திறந்தால் ரிக்கார்டு சுற்றும், கீழே ரேடியோ. நாதஸ்வரம் வாசித்த ரிக்கார்டு ஒன்றை வைத்தார். அதற்குப் பிறகு ஜரிகை, முந்தானை, விலை எதுவும் மாமாவின் காதில் ஏறவில்லை. வீட்டுக்கு வந்து குணமாலா அத்தையிடம் அவர் சொன்ன முதல் வார்த்தை, "பொடவை விக்கிறவனுக்கு எதுக்கு நாயனம்?"

கல்யாணம் முடிந்த கையோடு மெட்ராஸுக்குப் போய் அதே மாதிரி ஒன்றை வாங்கி வந்தார். அது அறுபத்தொன்பதாம் வருஷம். பெட்டியைக் கூடத்தில் இறக்கினார்கள். கூடம் என்றுதான் பேர், உட்கார இடம் இருக்காது. மூன்று பக்கச் சுவரிலும் மல்லாட்டை மூட்டைகள் ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கியிருக்கும். வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். விலை ஏறட்டும் என்று மாமா விற்காமல் வைத்திருப்பார். நடுவில் கிடைத்த இடத்தில் ரேடியோகிராம் உட்கார்ந்தது. நாதஸ்வரம் வந்தது. உமாபதி வீட்டில் வந்த மாதிரி வரவில்லை. யாரோ கம்பளியைப் போர்த்திக்கொண்டு வாசிக்கிற மாதிரி வந்தது.

"ஏங்க, வாசிக்கிறவருக்கு ஜுரமா?" என்று அத்தை கேட்டாள்.

வால்வை மாற்றிப் பார்த்தார். பெட்டியைக் கிழக்கே திருப்பினார், மேற்கே திருப்பினார். கடைசியில் மெட்ராஸ்காரன் மட்டமான சரக்கைத் தலையில் கட்டிவிட்டான் என்று முடிவு செய்தார். அதை யார் தலையிலாவது கட்ட வேண்டும் என்று காத்திருந்த நேரத்தில் தேவசகாயம் கேட்டு வந்தார்.

தேவசகாயத்தின் அப்பா மாமாவின் நிலத்தில் கூலிக்கு உழுதவர். மகன் படித்து, காஞ்சிபுரத்தில் பஸ் ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராகி, ஊர் எல்லையில் தளம் போட்ட வீடு கட்டியிருந்தார். மாமா விலையைக் கொஞ்சம் ஏற்றியே சொன்னார். தேவசகாயம் பேரம் பேசவில்லை. "மாட்டு வண்டி தெருமுனை திரும்பற வரைக்கும் சிரிப்ப அடக்கிக்கினு நின்னேன்," என்று மாமா அத்தையிடம் சொன்னார்.

அந்தச் சிரிப்பு அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரைதான். வயலிலிருந்து திரும்பும்போது தேவசகாயத்தின் வீட்டிலிருந்து நாதஸ்வரம் கேட்டது. கணீரென்று, தெருவே கல்யாண வீடான மாதிரி. மாமா நின்றுவிட்டார். தேவசகாயத்தின் மனைவி வடிவு வாசலுக்கு வந்து, "உள்ள வாங்க நயினாரே, உங்க பொட்டிதான் பாடுது," என்றாள்.

உங்க பொட்டி என்று அவள் சொன்னது அவரைத் தைத்தது. அதற்குப் பிறகு வாரம் தவறாமல் போனார். முன்பெல்லாம் அந்தப் பக்கம் யார் வீட்டுக்குள்ளும் நுழையாதவர், ஒரு நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்து கேட்டுவிட்டு எழுந்து வருவார். வீட்டுக்கு வந்ததும் பொரிந்து தள்ளுவார்.

"என்கிட்ட ஊமையா கிடந்துது. அவன்கிட்ட போயி இப்படிப் பாடுது."

"வித்தாச்சு இல்ல, விடுங்களேன்," என்பாள் அத்தை.

"வித்தது பொட்டியத்தான். பாட்ட விக்கல."

பொறுக்க முடியாமல் ஒருநாள் தேவசகாயத்திடமே கேட்டார். "என்னப்பா மாத்தின அதுல?"

"ஊசி மட்டும் புதுசு போட்டேன் நயினாரே."

ஊசிதான் என்று மாமா பிடித்துக்கொண்டார். அந்த ஊசியோடு பெட்டி திரும்பத் தனக்கே வேண்டும் என்றார். தேவசகாயம் யோசித்துவிட்டு, தான் கொடுத்ததைவிட நல்லதொரு விலை சொன்னார். இந்த முறை பேரம் பேசாதவர் மாமா.

மறுபடி அதே மாட்டு வண்டி, அதே கூடம். ரிக்கார்டை வைத்தார். மறுபடி அதே கம்பளி.

"ஜுரம் திரும்பிடுச்சு போல," என்றாள் அத்தை.

"ஊசிய எடுத்துக்கினு பழசப் போட்டு அனுப்பியிருக்கான்," என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

தேவசகாயத்தின் வீடு திறந்திருந்தது. பெட்டி போன கூடத்தில் அந்த ஒரு நாற்காலியைத் தவிர ஒன்றுமில்லை. சிமென்ட் தரை, வெள்ளைச் சுவர். "தேவசகாயம்," என்று கூப்பிட்டார். குரல் நாலு பக்கமும் மோதித் திரும்பி வந்து அவரையே கூப்பிட்டது. ஒருமுறை கனைத்தார். கனைப்பும் அப்படியே கணீரென்று வந்தது. தன் வாழ்நாளில் தன் குரல் இவ்வளவு எடுப்பாக இருந்து அவர் கேட்டதில்லை.

தேவசகாயம் கைகால் கழுவிவிட்டு உள்ளே வந்தார். "என்ன நயினாரே, நீங்களே பாடிப் பாக்கறீங்களா?"

ஊசியைப் பற்றி மாமா வாயைத் திறக்கவில்லை. பெட்டியில் குறையில்லை, ஊசியில் ஒன்றுமில்லை, தன் மூட்டைகள்தான் பாட்டைத் தின்கின்றன என்று அவருக்குப் புரிந்துவிட்டது. இதைப் புரிந்துகொண்ட எவரும் வீட்டுக்குப் போய் மூட்டைகளை விற்றிருப்பார்கள். மாமாவுக்கு அது போதவில்லை. இந்தக் கூடம் இப்படி இருக்கக் கூடாது.

"உன் கூடம் சும்மாதானே இருக்குது தேவசகாயம். என் மூட்டைங்கள இங்க அடுக்கிக்கட்டுமா? வாடகை தர்றேன், மாசாமாசம்."

தேவசகாயம் தலையைச் சொறிந்தார். "தந்திருப்பேன் நயினாரே. ஞாயித்துக்கிழமை ஸ்டீரியோ வருது. ரெண்டு ஸ்பீக்கராம், அந்தச் சுவர்ல ஒண்ணு, இந்தச் சுவர்ல ஒண்ணு வைக்கணுமாம். எல்லாம் நீங்க குடுத்த காசுதான். வந்து கேட்டுட்டுச் சொல்லுங்க."

மாமா போனார். போகாமல் இருக்க அவரால் முடியாது. ரிக்கார்டு இரண்டு பக்கமும் ஓடி முடிந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. நாங்கள் சமணர், விளக்கு வைத்த பிறகு சாப்பிடுவதில்லை. அவர் வீட்டுக்கு வந்தபோது அத்தை அடுப்படியைக் கழுவிவிட்டிருந்தாள்.

"இன்னிக்கு யாருக்காக உபவாசம்?" என்றாள். பிறகு, கொஞ்சம் இறங்கி, "எப்படி இருந்துச்சு?"

மாமா ஒரு செம்பு தண்ணீருக்குக்கூட வழியில்லாமல் மூட்டை மேல் சாய்ந்து உட்கார்ந்தார்.

"ஒரு பக்கம் நாயனம் தனியா, ஒரு பக்கம் தவுல் தனியா," என்றார். "தவுல் கொஞ்சம் ஜாஸ்தி. ரொம்ப நாள் உழைக்காது அது."

அடுத்த ஞாயிறு வெயில் தாழும் முன்பே சாப்பாட்டை முடித்துக்கொண்டு கிளம்பினார்.